பூவுக்குப் பின்னால் நான்

ஒரு கேமரா வாங்குவதற்கு நான் பதினொரு மாதம் யோசித்தேன். கல்யாணத்துக்குப் பதினொரு நாள்கூட யோசிக்கவில்லை. (இரண்டில் கல்யாணம்தான் சரியாக அமைந்தது. இதை என் மனைவி படிப்பாள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

எங்கள் தென்காசியில் குடை வாங்குவதென்றாலும் நாலு பேரிடம் கேட்டுத்தான் வாங்குவோம். நான் நாற்பது பேரிடம் கேட்டேன். எதற்காகக் கேமரா என்று எல்லாரும் கேட்டார்கள். மனைவி செண்பகத்தின் தோட்டத்துப் பூக்களை எடுக்க, அப்படியே குற்றாலத்துக் காட்டில் பறவை, மலையணில் எடுக்க என்று எல்லாரிடமும் ஒப்பித்தேன். கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் போட்டோக்காரர் ஒருவர் மட்டும் உருப்படியாகச் சொன்னார். "தோட்டம்னா, பூவுக்குப் பக்கத்துல போயி எடுக்குத லென்ஸு வாங்குங்க சார். இந்தா, இம்புட்டுதான் இருக்கும்" என்று ஒரு டம்ளர் உயரத்துக்குக் கையைக் காட்டினார்.

அங்கேதான் என் புத்தி கோணியது. பதினொரு மாதம் யோசித்தவன் டம்ளரோடு தெருவில் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அலுவலகத்தில் என் பக்கத்து மேசை சாகுல் கடையநல்லூர்க்காரர். அவருடைய மச்சான் துபாயிலிருந்து விடுமுறைக்கு வருவதாக இருந்தது.

"எந்த மாதிரி சார் கொண்டாரச் சொல்லட்டும்?"

"இருக்கதுலயே நீளமா" என்றேன்.

வந்தது. சுரைக்காய் நீளம், பூசணிக்காய் கனம். முதல் ஞாயிற்றுக்கிழமையே கழுத்தில் மாட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். பறவை ஒன்றும் வரவில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் வழிய ஒருவர் வந்தார். "அண்ணே, குடும்பத்தோட அருவி தெரியுத மாதிரி ஒண்ணு எடுங்க. பிரிண்டு உடனே போட்டுத் தருவியளா?" என்று கேட்டார். இல்லை என்று நான் சொல்வதற்குள் அவர் பின்னால் பதினாலு பேர் வரிசையாக நின்றுவிட்டார்கள். சாரலில் லென்ஸ் வேறு கண்புரை விழுந்தது போலாகிவிட்டது. துடைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

இதற்கிடையில் செண்பகம் மூன்று வருடமாக ஒரு பூவுக்காகக் காத்திருந்தாள். செங்கோட்டைப் பக்கம் ஒரு நர்சரியில் வாங்கிய புறா ஆர்க்கிட். வீட்டின் பின்பக்கம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிற்கும் கொய்யா மரத்தில், சுவருக்கு மேலே தெரியும்படி அதைக் கட்டி வளர்த்தாள். மழை பெய்து குளிர்ந்தால் ஒன்பதாம் நாள் பூக்குமாம். காலையில் விரிந்து சாயங்காலம் தொங்கிவிடுமாம். அவளுடைய தோட்டக் குழுவில் வருடா வருடம் ஒரு காலண்டர் போடுவார்கள். அதில் தன் பூ ஒன்று வர வேண்டும் என்பது அவள் ஆசை. கல்யாணமான ஐந்து வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அதுதான்.

சாரல் பிடித்த ஒரு வியாழக்கிழமை காலை பூத்தது. ஒரே ஒரு பூ. சிறகு விரித்த வெள்ளைப் புறா, தொண்டையில் மஞ்சள் தீற்றல். காலண்டருக்குப் படம் அனுப்ப அன்று சாயங்காலம் ஐந்து மணிதான் கடைசி. அவள் இலத்தூரில் டீச்சர். அன்றைக்கென்று பள்ளியில் ஆய்வு.

"நான் போன்ல ஒண்ணு எடுத்துக்கிடட்டுமா?" என்றாள் புறப்படும்போது.

"போனா?" என்று சிரித்தேன். "எதுக்கு லீவு போட்டிருக்கேன்? நீ நிம்மதியா போ."

அந்தச் சிரிப்பை இன்றைக்கும் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் தேவலை.

பூவுக்கு முன்னால் போய் நின்றேன். லென்ஸ் கர் கர் என்று முன்னும் பின்னும் உருண்டதே தவிரத் தெளியவில்லை. பெட்டியிலிருந்த குறிப்பை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். ஒன்பது அடிக்குக் கிட்டே இருக்கும் எதுவும் இந்த லென்ஸுக்குத் தெரியாது. (வாங்கியவனைப் போலவே.) வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். ஒன்றரை அடி குறைந்தது.

எனக்குப் பின்னால் இருந்தது குளியலறை. உள்ளே போனேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, காற்று ஜன்னலில் இரண்டு கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றி, லென்ஸை வெளியே நீட்டினேன். ஒன்பது அடி கச்சிதமாக வந்தது. பூ காற்றில் ஆடியது. நான் சுட்டுத் தள்ளினேன்.

கொய்யா மரத்துக்கும் சுவருக்கும் அந்தப் பக்கம் ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர் அண்ணாச்சியின் பின்கட்டு. அவருடைய மருமகள் அப்போது துணி காயப்போட வந்திருக்கிறாள். அடுத்த வீட்டுக் குளியலறை ஜன்னலிலிருந்து ஒரு குழாய் தன்னைப் பார்ப்பதைக் கண்டாள்.

"மாமா!"

"ஏலே! எவம்லே அது பாத்ரூமுக்குள்ள?"

"அண்ணாச்சி, நாந்தான்... பூ எடுக்கேன்!"

"குளிக்க எடத்துல என்னலே பூ?"

சுவருக்கு மேலே அவர் போன் உயர்ந்தது. முப்பத்தைந்து வருட சர்வீஸ். முதலில் ஆதாரம், பிறகுதான் விசாரணை. பயத்தில் வாளி வழுக்கி நான் கீழே விழுந்தேன். கேமரா விழவில்லை. ஜன்னலில் இறுகிக்கொண்டு, தனியாக அவர் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மெஷின வச்சிட்டு ஓடுதான் பாரு!"

நான் ஓடவில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை. சிறிது நேரத்தில் தெருவில் பாதி என் வீட்டுக்குள் இருந்தது. அண்ணாச்சி கேமராவைப் பிடுங்கிப் பார்த்தார். அறுபத்தெட்டுப் படம். எல்லாவற்றிலும் முன்னால் ஒரு வெள்ளைப் புகை. பின்னால் கொடியில் அவர் வீட்டுத் துணிமணிகள், நூல் பிசிறுகூட எண்ணலாம் போலத் துல்லியமாக. லென்ஸ் பூவைத் தாண்டி, தனக்குப் பிடித்த தூரத்தைப் பார்த்திருக்கிறது.

"பூவாமுல்லா, பூ!" என்றார். அத்தனையையும் அவர் முன்னாலேயே அழித்தேன்.

யாரோ போன் செய்ததில் செண்பகம் நாலரை மணிக்கு ஓடி வந்தாள். நேரே கொய்யா மரத்துக்குப் போனாள். பூ தொங்கிவிட்டது. திட்டுவாள் என்று நினைத்தேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, "ஒண்ணுகூட இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம். மூன்று வருடம் காத்தவளிடம் காட்ட என்னிடம் வீங்கிய முழங்கால்தான் இருந்தது. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணாச்சி விடவில்லை. "ஏம்மா செண்பகம், உன் வீட்டுக்காரர் லெச்சணத்த நீயே பாரு" என்று போனை நீட்டினார்.

அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். படத்தில் முன்னால், ஒரு கை தூரத்தில், அந்தப் பூ. இதழில் சாரல் துளி, தொண்டையில் மஞ்சள். பின்னால் ஜன்னலில் ஒரு நீண்ட குழாயும், அதற்கு மேலே திருட்டு முழி முழிக்கும் என் முகமும்.

"அண்ணாச்சி, இத எனக்கு அனுப்புங்க."

"தாராளமா அனுப்புதேன். எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் நான் வந்து சொல்லுதேன்."

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. "பின்னாடி இருக்கத மட்டும் வெட்டிட்டு அனுப்பேன்" என்று கெஞ்சினேன். "நேரமில்லைங்க" என்று அப்படியே அனுப்பினாள். (நேரம் இருந்தது.)

அடுத்த வருடக் காலண்டரில், ஜூலை மாதத் தாளில் வந்தது. இலத்தூர்ப் பள்ளி ஆசிரியர் அறையில், சாகுல் வீட்டில், அண்ணாச்சி வீட்டு முன்னறையில் என்று எல்லாச் சுவரிலும் பூவுக்குப் பின்னால் நான் முழித்தேன். கீழே படம் எடுத்தவர் என்று அண்ணாச்சியின் பெயர். இப்போது தெருவில் யார் கேமரா வாங்குவதென்றாலும் அவரிடம்தான் யோசனை கேட்கிறார்கள். என் கேமரா அலமாரியில் படுத்திருக்கிறது.

போன வாரம் மழைக்கு மறுபடி பூத்தது. செண்பகம் சுவருக்கு மேலே எட்டி, "அண்ணாச்சி, பூத்திருக்கு, வாங்க!" என்று கூப்பிட்டாள். அவர் போனைத் துடைத்துக்கொண்டே வந்தார். இரண்டு மூன்று கோணம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னமோ கொறையுதேம்மா."

செண்பகம் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, கொஞ்சம் பாத்ரூம்ல போய் நில்லுங்களேன்."

போய், வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றேன்.