நாற்பது பிக்சல் மேலே

வலைத்தளம் செய்பவர்களில் ஒட்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். மேசை மேல் ஒன்பது கைபேசிகள், அதில் மூன்றுக்குத் திரை விரிசல். இரண்டு மடிக்கணினிகள், அதில் ஒன்று சார்ஜரைப் பிடுங்கினால் உயிரை விட்டுவிடும். எல்லாவற்றிலும் ஒரே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, இந்த பிரவுசரில் பொத்தான் இறங்கியிருக்கிறதே, அந்த பிரவுசரில் எழுத்து தடித்திருக்கிறதே என்று ஒவ்வொன்றின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து உருகிக்கொண்டிருப்பார். நாமெல்லாம் பக்கத்தைப் படிப்போம். அவர் அளப்பார்.

வைத்தியமும் கைவசம் உண்டு. 'இந்த பிரவுசராக இருந்து, இந்த வகைக் கணினியில் ஓடினால், பொத்தானை நாற்பது பிக்சல் மேலே தூக்கு.' இப்படி நூற்று முப்பத்தேழு ஒட்டுகள். நோயாளி யார் என்று எழுதிவைப்பார். மருந்தை எப்போது நிறுத்துவது என்று மட்டும் எழுதமாட்டார்.

நம் ஒட்டுக்காரரின் அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் தலைமைச் செவிலி. இல்லத்தின் வலைத்தளம் தம்பியின் கைவண்ணம். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறவர்கள் சனி மதியம் பன்னிரண்டுக்குள் அதில் பதிவு செய்யவேண்டும். வாசற்காவலர் அந்தப் பட்டியலைத் தவிர சொந்த அம்மாவையே நம்பமாட்டார்.

அந்தச் சனிக்கிழமை பதினோரு மணிக்கு அக்கா கூப்பிட்டாள்.

"டேய், பதிவு பண்ற பொத்தான் எங்கடா?"

"இங்க அழகா தெரியுதே அக்கா!"

"உன் மேசையையா பார்க்க வர்றாங்க? மூணாம் ரூம் பெரியவரோட பொண்ணு அஞ்சு மாசம் கழிச்சு வருது. பொத்தானே காணோம்னு போன்ல அழுவுது."

"எந்த பிரவுசர்? எந்த வெர்ஷன்?"

"அந்த மனுஷன் நாளைக்கு வர்ற பொண்ணுக்கு இன்னைக்கே ஷேவ் பண்ணி, சட்டை மாத்தி உக்காந்திருக்காரு. அவர்கிட்ட போய் வெர்ஷன் சொல்லட்டுமா?"

நடந்தது இதுதான். பிரவுசர் செய்தவர்கள் முந்தின நாள் தங்கள் கோளாறைத் தாங்களே சரிசெய்துவிட்டார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, ஒட்டுக்காரரின் மாத்திரை மட்டும் வேளை தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. இறங்காத பொத்தானை நாற்பது பிக்சல் தூக்கினால்? இல்லத்தின் புகைப்படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

வேறொருவராக இருந்தால் ஒட்டைப் பிரித்திருப்பார். இவர் ஒட்டின் மேல் இன்னொரு ஒட்டு போட்டார்: 'புது வெர்ஷனாக இருந்தால், நாற்பது இறக்கு.' பாவம், பேர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரன் பேரைச் சொல்லும் பிரவுசர்களும் உலகில் உண்டே! அவற்றில் பொத்தான் பக்கத்தின் அடிமட்டத்துக்கே போய்விட்டது. அவற்றுக்கு ஓர் ஒட்டு, அந்த ஒட்டுக்கும் ஓர் ஒட்டு. பதினொன்று முப்பதுக்கு எழுத்தெல்லாம் வலது ஓரத்தில் பேருந்துக் கூட்டம்போல் நெருக்கியடித்து நின்றது. பதினொன்று நாற்பதுக்கு மறுபடி அக்கா.

"இப்ப படத்தையும் காணோம்டா. ஒட்டு எல்லாத்தையும் பிடுங்கிப் போடு."

"நூத்தி நாப்பதையுமா? ஒவ்வொண்ணும் ஒரு ராத்திரி அக்கா!"

"பிடுங்குறியா, நான் அங்க வரட்டுமா?"

பிடுங்கினார். கண்ணை மூடிக்கொண்டுதான்.

பக்கம் ஒன்பது கைபேசிகளிலும் வந்து நின்றது. ஒன்றில் தலைப்பு கொஞ்சம் தடிமன், ஒன்றில் இடைவெளி கொஞ்சம் கூடுதல். பொத்தான் மட்டும் எல்லாவற்றிலும் பளிச்சென்று நடுவில். பதினொன்று ஐம்பத்தாறுக்கு மகள் பதிவு செய்தாள். மூன்றாம் அறைப் பெரியவர் சட்டை கசங்கிவிடும் என்று மதியம் படுக்கவே மறுத்துவிட்டாராம்.

ஒட்டுக்காரருக்கு ஒரே ஆனந்தம். ஐந்து நிமிஷம் நீடித்தது. பிறகு ஏழாவது கைபேசியில் பொத்தான் இரண்டு பிக்சல் இடதுபக்கம் சாய்ந்திருப்பது கண்ணில் பட்டது. விரல் தானாகவே விசைப்பலகைக்குப் போனது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். ஆட்டம் நிற்க ஒரு காலுக்கடியில் அட்டையை நாலாக மடித்து வைத்தீர்களே, நினைவிருக்கிறதா? அந்த மேசையைச் சமதரைக்கு மாற்றி மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் ஆடுகிறது என்று நேற்று எதிர்க்காலுக்கும் ஓர் அட்டை வைத்தது யார்?