தேவகியின் பல்லும் நான்கு முழங்கால்களும்

லூனாஸ்,
ஞாயிறு மாலை.

என் மனைவி ஷாமளாவுக்குத் தம்பியாகப் பிறந்துவிட்ட திரு. தேவன் அவர்களுக்கு, அவளுடைய கணவன் யோகேந்திரன் எழுதுவது.

இங்கு நாங்கள் மூவரும் ஆண்டவன் புண்ணியத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். நேற்றுக் காலைப் பாசாரில் வாய் நிறைய வடையோடு நின்றதைப் பார்த்தேன். நான் பார்த்ததைத் தாங்களும் பார்த்தீர்கள். பார்க்காதவர்போல் திரும்பி வெங்காயம் பொறுக்கினீர்கள். நானும் வேண்டாத முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ஆளுக்குக் கடிதமா என்று நினைப்பீர்கள். பாப்பாவின் காதுகுத்துக்குப் பிறகு நமக்குள் பேச்சு இல்லை. பேச்சு இல்லாத இடத்தில் எழுதுவதுதான் படித்தவனுக்கு அழகு. ஷாமளா வேலைக்குப் போகும் வழியில் இதைத் தங்களிடம் தருவாள்.

விஷயம் இதுதான். நான்கு வயது முடியாத என் மகள் தேவகிக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கும் சொத்தை. அதற்கு முழுப் பொறுப்பும் தங்களுடையதுதான். ஆகவே அவள் பற்கள் சரியாகும்வரை தாங்கள் என் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்று இதன்வழி அறிவிக்கிறேன்.

காரணமில்லாமல் ஒருவரை வெறுக்கும் பழக்கம் எனக்கில்லை. காதுகுத்தில் தாய்மாமன் மாலை போடுவது முறை, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் லூனாஸில் பூவுக்கா பஞ்சம்? தாங்கள் கொண்டுவந்தது சாக்லேட் மாலை. ஆசாரி ஊசியைத் துடைப்பதற்குள் குழந்தை இடப்பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கி, இரண்டாவது காது குத்தி முடித்தபோது கழுத்தில் வெறும் நூல்தான் தொங்கியது. கூட்டம் கைதட்டி "மாமன்னா இவந்தான்யா மாமன்" என்றது; அப்பன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரிதாக்கி உங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் படத்திலும் நடுவில் நீங்கள், உங்கள் மடியில் என் மகள், ஓரத்தில் என் முழங்கை. போகட்டும். பள்ளி வேன் ஓட்டுகிற தாங்கள் அவளைப் பாலர் பள்ளிக்கு ஏற்றும்போது ஒரு மிட்டாய், இறக்கும்போது ஒரு மிட்டாய், இடையில் மழை பெய்தால் பயப்படாமல் இருக்க ஒரு மிட்டாய். என் தாயாரின் பெயரைக் குழந்தைக்கு வைத்தபோது "என்ன மச்சான், பாஸ்போர்ட் எடுக்கப் போனா பென்ஷன்காரின்னு நெனச்சிக்குவான்லா" என்று சொல்லிச் சிரித்ததையும் நான் மறக்கவில்லை. அதற்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் மறக்கவில்லை.

சென்ற வாரம் ஆப்பிளைக் கடித்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். அரிசிப் பல் என்று கொஞ்சினோமே, அது வறுத்த அரிசியின் நிறத்தில் இருந்தது. மறுநாளே அரசாங்கப் பல் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே ஃபாத்தின் என்று ஒரு மிஸ்ஸி, பல் பார்க்கும் நர்ஸ். தமிழ் முஸ்லிம் பெண், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறாள். "வாங்க தாத்தா, பேத்திக்கு என்னா செய்யிது?" என்றுதான் ஆரம்பித்தாள். அப்பா என்றேன். "ஐயோ, சாரி அங்கிள்" என்றாள். ஆக, தாத்தாவும் இல்லை, அப்பாவும் இல்லை. "இனிப்பு யாரு கொடுக்கறா?" என்று கேட்டாள். இதற்காகத்தானே காத்திருந்தேன், தங்கள் பெயர், தெரு, வேன் நம்பர் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. "தூங்கறப்ப பாட்டில் உண்டா?" என்றாள். "டின் பால் கலந்து, கொஞ்சூண்டு." "குடிச்சிட்டு வாய் கழுவுவாளா?" "தூங்கற புள்ள எப்படிம்மா கழுவும்?" "அதான்லா அங்கிள்! ராத்திரி முழுக்க அந்த இனிப்பு பல்லுலயே ஊறிக் கெடக்குது. மாமா முட்டாய நிறுத்தணும், சரி. இந்தப் பாட்டில யாரு கொடுக்கறா?" ஷாமளா தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டுக்குப் போகிறவள். அப்புறம் வீட்டில் இருப்பது நானும் பூனையும். இந்த ஆராய்ச்சி இக்கடிதத்துக்குத் தேவையில்லை.

பால்பல்தானே, விழுந்து முளைத்துவிடும் என்று படித்தவன் பேச்சைப் பேசிப் பார்த்தேன். "விழற வரைக்கும் எத வச்சிக் கடிப்பா? இந்த முன்பல்லு விழவே ஆறேழு வயசு ஆவும் அங்கிள். சீழ் வச்சா அடியில இருக்கற புதுப் பல்லும் கெட்டுப் போவும்" என்று சொல்லிவிட்டுப் பல்லில் ஏதோ மருந்தைத் தடவினாள். தீபாவளி முடிந்து மறுபடி வர வேண்டும். அதுவரை காலையிலும் படுக்கும் முன்னும் ஃபுளோரைட் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்துத் தேய்த்து, பாட்டிலையும் நிறுத்தினால் இந்தப் பற்களைக் காப்பாற்றப் பார்க்கலாம். சொத்தை இன்னும் இறங்கினால் பெரிய ஆஸ்பத்திரி, மயக்க மருந்து, நான்கையும் பிடுங்க வேண்டியதுதான். அவ்வளவு சிறிய உடம்புக்கு மயக்க மருந்து. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அவளே தேய்ச்சிக்குவா, கெட்டிக்காரி" என்றேன். "சப்பாத்துக் கயிறு கட்டத் தெரியுமா அவளுக்கு?" "தெரியாது." "அப்ப பல்லு தேய்க்கவும் தெரியாது. ஏழெட்டு வயசு வரைக்கும் பெரியவங்கதான் தேய்ச்சி விடணும்" என்றவள், ஒரு நாற்காலியை இழுத்து என் முன்னால் போட்டு, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தாள். குழந்தையை இருவர் மடிமீதும் நீளவாக்கில் கிடத்தினாள். தலை அவள் மடியில், கால் என் இடுப்புப் பக்கம். பாப்பா ஊரைக் கூட்டினாள். "அழட்டும், அழுதா வாய் தானா தொறக்கும்" என்று சொல்லி முடிப்பதற்குள் தேய்த்து முடித்துவிட்டாள். "வீட்டுலயும் இப்பிடித்தான். ரெண்டு ஆளு வேணும் அங்கிள், ஒருத்தர் புடிக்க, ஒருத்தர் தேய்க்க."

காலையில் ஷாமளா வந்துவிடுகிறாள், பிரச்சினையில்லை. படுக்கும் நேரத்துக்கு ஆள்? முதல் நாள் எதிரில் ஆளுக்குப் பதில் நாற்காலியைப் போட்டேன். பாப்பா விட்ட உதையில் நாற்காலி அலமாரிவரை போய்விட்டது, பேஸ்ட் என் மூக்குக் கண்ணாடியில், பிரஷ் என் காதில், அவள் கட்டிலுக்கு அடியில். மறுநாள் பக்கத்து வீட்டு இருளப்பன் அண்ணனைக் கூப்பிட்டேன். முட்டியில் ஆப்பரேஷன் செய்தவர் என்பது எனக்கு நினைவில்லை. அந்தக் கால் மடங்காது. பாப்பா அதன்மேல் சறுக்கிக் கீழே இறங்கி "இன்னொரு தடவ தாத்தா" என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி மருதம்மாள் அக்கா, பாவம், நல்ல மனசு, "நீங்க எந்திரிங்க, நான் புடிக்கறேன். வாங்க தம்பி, கிட்ட வந்து ஒக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். என் முட்டியும் அக்கா முட்டியும் தொட இன்னும் ஒரு விரல்கடை இருக்கும்போது இருளப்பன் அண்ணன் இருமினார். சளி இருமல் இல்லை அது. நான் எழுந்து கைகழுவப் போய்விட்டேன். அன்றைக்கும் பல் தேய்க்கவில்லை, நேற்றும் தேய்க்கவில்லை.

மானமாக வாழ்ந்த ஒருவன் அக்கம்பக்கத்தில் முட்டி கேட்டு அலையும் நிலைக்கு வந்தது யாரால்? ஒரு மாமனால். ஆகையால் மேற்படி தடை உறுதி. கெஞ்சிக்கொண்டு வந்தாலும் கேட் திறக்கப்படாது.

வயதில் மூத்தவன் என்ற முறையில், தங்களுக்குச் சீக்கிரம் நல்ல இடத்தில் பெண் அமைந்து, வரிசையாகப் பிள்ளைகள் பிறந்து, அவை ஒவ்வொன்றும் தங்கள் விரலை நன்றாகக் கடிக்கட்டும் என்று மனமார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
யோகேந்திரன்
(தேவகியின் தகப்பன்)

பி.கு.: வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் ஷாமளா இதை முழுவதும் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. இன்னிக்கி படுக்கறப்ப பாப்பாவ யாரு புடிப்பா?" என்றாள். ஆகவே தேவா, சாப்பிட்டதும் வந்துவிடு. இன்றைக்கு மட்டுமல்ல, தினமும். தடை மற்ற நேரங்களுக்குத்தான். நாம் பேச வேண்டியதில்லை, முட்டிகள் இடித்தால் போதும். கால்பக்கம் உனக்கு, தலைப்பக்கம் எனக்கு என்றுதான் முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். தலைப்பக்கம் நீ உட்கார், பிரஷையும் நீயே பிடி. அவள் வீறிட்டால் நான் பிரஷைக் கீழே வைத்துவிட்டுப் பால் கலக்கப் போய்விடுகிறேன். நீ வேன் நிறையப் பிள்ளைகள் கதறினாலும் கியர் மாற்றுகிறவன். கைலியில் வராதே, முட்டி வழுக்கும்.