இல்லாத புருசனுக்கு நாலு மாதம் பத்து நாள்

கத்தார் வெயிலோடு மல்லுக்கட்டும் ஜவுபர் காக்காவுக்கு, கல்முனைக்குடியிலிருந்து தங்கச்சி ஹுஸ்னியாவின் அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் சுகம், என் புருசனைத் தவிர. அவர் கண்ணை மூடி மௌத்தாகி ஒரு மாதமாம். எனக்கே வெள்ளிக்கிழமைதான் தெரியும். போனில் கதைத்தால் மதினிக்குக் கேட்கும், அதுதான் கடிதம்.

நாற்பத்தேழு வயதிலும் ஊருக்கு நான் கலியாணமாகாத குமர்தானே. "வீட்டுல கிழட்டுக் குமர் ஒண்டு கிடக்காம், என்ன குறையோ" என்று சொல்லித்தான் உங்கள் மகள் நிப்லாவுக்கு வந்த முதல் சம்பந்தம் தட்டிப்போனது. உம்மா எனக்கு எழுதிவைத்த வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதச் சொல்லி, "குமருக்கு என்னத்துக்குகா வீடு" என்று நீங்களும் கேட்டீர்கள். வெள்ளிக்கிழமை சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, ஜெமீலா மதினி என்னைக் குசினியில் சமைக்க விட்டுவிட்டு, "மச்சி ஹுஸ்னியாட புருசன் மௌத்தாகி ஒரு மாசம், இத்தாவுல இருக்கா" என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறா. எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. நான் பூப்போட்ட சாரியும் கைநிறைய வளையலுமாக, வட்டிலப்பத் தட்டோடு ஆம்பிளைகளுக்கு நடுவில் போய், "வெட்கப்படாமத் தின்னுங்க" என்று பகிடியும் விட்டேன்.

மாப்பிள்ளையின் உம்மா ஸம்றா கரண்டியைக் கீழே வைத்தா.

"யாருகா நீ?"

"பொண்ணுட மாமி, ஹுஸ்னியா."

"அல்லாஹ்வே! இத்தா எண்டா நாலு மாசம் பத்து நாள் அந்நிய ஆம்புளட கண்ணுல படாம இருக்கவேணாமா? புருசன்ட கபுறு இன்னும் காயல்லயே!"

எந்தப் புருசன் என்று வாய்வரை வந்தது. ஆம்பிளைகள் எழும்பிவிட்டார்கள். கதவிடுக்கில் நிப்லா வெளிறிப்போய் நிற்கிறாள். ஒரு சொல் பிசகினால் அந்தப் புள்ளையும் என்னைப்போலக் கிழட்டுக் குமர்தான். சட்டென்று முந்தானையால் முகத்தை மூடி, "அவர்ட நினைப்புல புத்தி தடுமாறிப் போச்சு ராத்தா" என்று அழுதேன். நல்லாத்தான் அழுதேன். ஸம்றா ராத்தாவும் அழுதா, "மனுசனை வச்சு வாழ்ந்தவள்தானே, பாவம்" என்று. குமராக இருந்த இத்தனை வருசத்தில் எனக்காக ஒருத்தரும் அழவில்லை காக்கா. விதவையாகி அஞ்சு நிமிசத்தில் ஒரு சபையே அழுதது. சம்பந்தமும் கைகூடி முற்றாகியது.

நீங்கள் சொன்னபடி திங்கட்கிழமை நொத்தாரிசிடம் போய் வீட்டை நிப்லாவுக்கு எழுதும் உறுதியில் கையெழுத்து வைக்கிறேன். அல்லாஹ் உங்கள் உழைப்பில் பறக்கத் செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் விதவைத் தங்கச்சி,
ஹுஸ்னியா

பி.கு.: திங்கட்கிழமை போக ஏலாது. இத்தாவில் இருக்கிறவள் படி தாண்டலாமா? நொத்தாரிசும் அந்நிய ஆம்பிளை. ஸம்றா ராத்தா நாளுக்கு ரெண்டு தரம் போன் எடுத்து, "உள்ளதானே இருக்கீங்க?" என்று கேட்கிறா. இன்னும் மூன்று மாதம் பத்து நாள் கிடக்கு. நிப்லா மாப்பிள்ளையோடு வந்து இருக்கட்டும், முன்னறை அவளுக்குத்தான். வீட்டு உறுதி மட்டும் என் பெட்டிக்குள். இத்தா முடிந்தால் விதவைக்கு மறுகலியாணம் பேசுவீர்கள்தானே, வீடில்லாமல் எந்த மாப்பிள்ளை வருவான் காக்கா?