வடக்கே தலை வைக்காத பிஸ்னஸ் கிளாஸ்

விமானத்தில் போகிறவர்கள் ஜன்னல் சீட் கேட்பார்கள். கழிப்பறைக்குப் பக்கத்து சீட் கேட்பார்கள். அழுகிற பிள்ளைக்குத் தூரமான சீட் கேட்பார்கள். தெற்கே தலை வைத்துப் படுக்கிற மாதிரி சீட் கேட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் 'பிஸ்னஸ் கிளாஸ்' அண்ணன். இன்னொருவர் இருந்தால் கூட்டி வாருங்கள், நான் வேலையை விட்டுவிடுகிறேன்.

மாவனல்லையில் கண்டி வீதியோரம் ஒரு டிக்கெட் கடையில் எனக்கு வேலை. எங்கள் வாடிக்கையாளர்கள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிற அக்காமாரும், உம்ராவுக்குப் போகிற குடும்பங்களும்தான். சீட் எங்கே இருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை, விமானம் புறப்பட்டால் போதும். அந்த நிம்மதியான கடைக்குள் ஒருநாள், சாரம் கட்டி, மேலே ஒரு விமானக் கம்பனியின் சாம்பல் நிறப் பைஜாமாச் சட்டை போட்டுக்கொண்டு இவர் வந்து உட்கார்ந்தார்.

"புள்ள, அந்தக் கம்பியூட்டர இப்பிடித் திருப்பு. பிளேனோட மூக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு நா பாக்கணும்."

அன்று போன நிம்மதி இன்னும் திரும்பி வரவில்லை.

அவருடைய உண்மையான பெயர் கோயில் ஞானஸ்நானப் பதிவில் இருக்கலாம். ஊரில் யாருக்கும் தெரியாது. மேலே உள்ள ரப்பர் தோட்டத்து டிஸ்பென்சரியில் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தவர். டவுனில் மிளகு, கராம்பு வியாபாரம் செய்கிற ஹாஜியாருக்கு பைபாஸ் செய்தபோது, காயத்துக்கு மருந்து கட்டப் போனார். காயம் ஆறியது. ஆனால் இவர் திரும்பி வரவில்லை. ஹாஜியார் மனைவியை இழந்தவர். ஒரே மகள் மெல்போர்னில். அவள் வாப்பாவை வருடாவருடம் பார்த்தே ஆக வேண்டும் என்பாள். டாக்டரோ, "இவ்வளவு தூரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து போனால் காலில் ரத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறிவிடும். படுத்துப் போனால் மட்டும் போகலாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் படுத்துப் போகிற டிக்கெட்டாக இரண்டு எடுக்கக் காசு அனுப்பினாள். ஒன்று வாப்பாவுக்கு, மற்றது வாப்பாவின் மாத்திரைகளைப் பார்த்துக்கொள்கிற நம்ம அண்ணனுக்கு. அப்படித்தான் ரப்பர் தோட்டத்தில் ஒரு பிஸ்னஸ் கிளாஸ் பிறந்தது.

இப்போது சிக்கலைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். விமானத்தில் எல்லாரும் மூக்குப் பக்கம் பார்த்துத்தான் உட்காருவோம். அந்த சீட்டைக் கட்டிலாக விரித்தால் கால் மூக்குப் பக்கம், தலை வால் பக்கம். மெல்போர்னுக்குப் போகும்போது விமானம் தெற்கே பறக்கிறது. அப்படியென்றால் தலை வடக்கே! வடக்கே தலை வைத்துப் படுப்பதற்கு அண்ணன் செத்தாலும் சம்மதிக்க மாட்டார். சரி, திரும்பி வரும்போது? விமானம் வடமேற்கே பறக்கிறது. அண்ணனுக்குப் பிரச்சினை இல்லை, தலை தெற்கே போய்விடும். ஆனால் ஹாஜியாரின் கால் கிப்லாவை, தொழும்போது முகம் வைக்கிற மக்காத் திசையை, நோக்கி நீளும்.

"மகள், எனக்குக் கிப்லாப் பக்கம் காலை நீட்டேலாது. அத மட்டும் பாத்துத் தாங்க. மத்தப்படி நீங்க றெக்கையில கட்டி அனுப்பினாலும் நான் போவன்" என்றார் ஹாஜியார் என்னிடம்.

ஒருவர் போகும்போது படுக்க மாட்டார். மற்றவர் வரும்போது படுக்க மாட்டார். இவர்களுக்கு டிக்கெட் போட்டது நான். என் தலைமுடி நரைத்த கதை இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

தோட்டத்துக் கோயில் ஃபாதர்கூட அண்ணனைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லிப் பார்த்தார். "வேதத்துல எங்கயுமே வடக்குல தலை வைக்கக் கூடாதுன்னு இல்லயேப்பா."

"சாமி கும்புடுறது வேற ஃபாதர், தலை வைக்கிறது வேற" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஹாஜியாரும் விடமாட்டார். "வடக்குல என்னடா ஈக்கிது? ஐஸ் மட்டும்தானே?" என்று சீண்டுவார். அண்ணன் சிரித்துக்கொண்டே மாத்திரையை நீட்டுவார்.

இந்தத் திசைக் கணக்கால் அண்ணன் உலகத்து விமானக் கம்பனிகளை எல்லாம் தரம் பிரித்து வைத்திருந்தார். கம்பனிப் பெயர்கள் அவர் வாயில் நுழையாது. காலையில் கஞ்சி கொடுத்தால் அது கஞ்சிக் கம்பனி. துணிச்செருப்பு கொடுத்தால் செருப்புக் கம்பனி. ரப்பர் பால் நிறுக்கிற இடத்தில், வாளியோடு வரிசையில் நிற்கிற பெண்களுக்கு இதைப் பற்றிப் பிரசங்கம் நடக்கும்.

"செருப்புக் கம்பனியில சுடுதுவாய் முதல்ல குடுப்பான். மூஞ்சியத் தொடச்சா அப்பிடியே ஆவி புடிச்ச மாதிரி. கஞ்சிக் கம்பனி துவாயில பன்னீர் வாசம் வரும். ஆனா தேத்தண்ணி ரெண்டுலயும் கழனித்தண்ணிதாங்க. நம்ம தேயிலையக் கொண்டு போயி என்னா பண்றானுங்களோ!"

"அண்ணே, படுக்க எது நல்லம்?" என்று யாராவது ஒருத்தி கிளறிவிடுவாள்.

"கஞ்சிக் கம்பனிதான்! அவனுக்கு மட்டும்தான் புத்தி இருக்கு. ஒரு சீட்டு மூக்கப் பாத்து, அடுத்த சீட்டு வாலப் பாத்து. எதிரும் புதிருமா வச்சிருக்கான்!"

கங்காணி அங்கிருந்து கத்துவார். "யோவ் பிஸ்னஸ் கிளாஸ்! பால் ஒறையுதுய்யா, போய்யா அந்தப் பக்கம்!"

கஞ்சிக் கம்பனியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான். அதை அவர் எங்கேயும் சொல்லவில்லை, பரவாயில்லை. அதில் போகும்போது ஹாஜியார் மூக்குப் பார்த்த சீட்டில், அண்ணன் வால் பார்த்த சீட்டில். வரும்போது இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். இரண்டு சீட்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும், நடுவில் ஒரு சின்னத் தட்டி. அதை இறக்கிவிட்டால் இவர் முகம் அவருக்கு, அவர் முகம் இவருக்கு. மற்ற பயணிகள் அந்தத் தட்டியை ஏற்றி வைக்கத்தான் அவ்வளவு காசு கொடுக்கிறார்கள். இவர்கள் இறக்கி வைத்துக்கொண்டு, மெல்போர்ன் வரைக்கும் கராம்பு விலை பேசிக்கொண்டு போவார்கள்.

படம் பார்க்கச் சொல்லி முன்னால் டி.வி. இருக்கிறதல்லவா? அண்ணன் அதில் பார்ப்பது ஒரே படம்தான். விமானம் எங்கே போகிறது என்று காட்டுகிற வரைபடம். விமானம் கொஞ்சம் வளைந்தால் தலையணையை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவார். "பிளேன் திரும்புனா நானும் திரும்பணும்ல?" என்பார்.

பைஜாமா கதை வேறு. அந்தச் சாம்பல் நிறப் பைஜாமாவை மேலும் கீழும் போட்டுக்கொண்டு ஒரு கிறிஸ்மஸ் நத்தார்ப் பூசைக்குப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்துவிட்டார் என்று நினைத்து, ஃபாதர் பூசை முடிந்ததும் நோயாளிகளுக்கான ஜெபத்தைச் சொல்லித் தலையில் கைவைத்திருக்கிறார். அண்ணன் வெகு பக்தியோடு வாங்கிக்கொண்டார்.

எல்லாம் ஒரு வருடம் கெட்டது. திரும்பி வருகிற நாளில் கஞ்சிக் கம்பனி வேறு விமானத்தை அனுப்பிவிட்டது. அதில் எல்லா சீட்டும் மூக்குப் பார்த்தவை. அண்ணன் மெல்போர்னிலிருந்து எனக்கு அழைத்தார்.

"புள்ள, மோசம் போயிட்டோம். ஹாஜியாரு படுக்க மாட்டாரு. படுக்காட்டி அவரு காலு என்னாகும்?"

"மௌலவிகிட்ட கேக்கச் சொல்லுங்கண்ணே."

"கேட்டாச்சு. நோயாளி எப்பிடிப் படுத்தாலும் குத்தமில்லைன்னுட்டாரு. இவரு மனசு கேக்க மாட்டேங்குது. அவரு மனசுக்கு மௌலவியா மாத்திர குடுப்பாரு?"

விமானத்தில் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தக் கட்டிலில் கால் நுழைக்க ஒரு பொந்து இருக்கும். தலையணையை அந்தப் பொந்துக்குள் வைத்து, ஹாஜியாரின் தலையை அதற்குள் நுழைத்து, காலைத் தலைமாட்டுப் பக்கம் நீட்டிவிட்டார்! பணிப்பெண் சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பாதங்கள். அவள் போட்ட சத்தத்தில் விமானமே எழும்பிவிட்டது.

அண்ணன் அவளுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். "மேடம், லெக் தட் சைட், நோ. ஹெட் தட் சைட், யெஸ்."

பெரிய அதிகாரி வந்து பார்த்துவிட்டு, பெல்ட் போடுகிற விளக்கு எரிந்தால் மட்டும் ஒழுங்காக உட்கார வேண்டும் என்று அனுமதி கொடுத்தார். அன்று பார்த்து வழியெல்லாம் மேகம், வழியெல்லாம் குலுக்கல். விளக்கு எரிய எரிய ஹாஜியாரைப் பொந்திலிருந்து உருவுவதும், அணைந்ததும் திரும்பச் செருகுவதுமாகவே போயிற்று.

"இதுக்கு ரக்வான மல ரோட்டு பஸ் மேல்டா!" என்று பொந்துக்குள்ளிருந்து ஹாஜியார் கத்தினாராம். கடைசியில் போதும் போதும் என்று எழுந்து, காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வந்து இறங்கியபோது இரண்டு காலும் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தன. நல்ல காலம், ரத்தக் கட்டி எதுவும் மேலே ஏறவில்லை.

அண்ணனின் காலும் வீங்கியிருந்தது. "நீங்க ஏண்ணே படுக்கல்ல? ஒங்களுக்குத்தான் தலை தெக்கயாச்சே!" என்று கேட்டேன்.

"நல்லா கேட்ட போ. அவரு ஒக்காந்திருக்கையில நா எப்பிடிப் புள்ள படுக்குறது?"

இதைச் சொல்லிவிட்டு, அந்த விமானத்தின் தேத்தண்ணியைத் திட்டத் தொடங்கினார்.

போன மழைக்காலத்தில் அண்ணன் விழுந்தார். செருப்புக் கம்பனி கொடுத்த துணிச்செருப்பைப் போட்டுக்கொண்டு, பாசி பிடித்த லயத்து வீட்டுப் படியில் இறங்கியிருக்கிறார். வேறு என்ன நடக்கும்? முதுகெலும்பில் விரிசல். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவருடைய மனைவி அழுதுகொண்டே எனக்குப் போன் பண்ணினார்.

"புள்ள, நேராப் படுக்காட்டி காலு ரெண்டும் வெளங்காமப் போயிருமாம். இந்த மனுஷன் படுக்க மாட்டேங்குறாரு. கட்டிலு வடக்கப் பாத்திருக்காம். நீயாச்சும் வந்து சொல்லு புள்ள."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோபம் என்று சொல்கிறேனே தவிர, இரண்டு தரம் தப்பான நம்பருக்கு அடித்துவிட்டேன். ஹாஜியாருக்குச் சொன்னேன். அவர் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னோடு முச்சக்கர வண்டியில் ஏறினார்.

வார்டில் எல்லாருடைய தலையும் வடக்குச் சுவரோரம் வரிசையாக இருந்தது. நம்ம ஆள் மட்டும் முழங்கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, பாதி எழும்பிய நிலையில் இருந்தார். முகமெல்லாம் வியர்வை. பக்கத்தில் நர்ஸ் மிஸ் கெஞ்சிக்கொண்டிருந்தார். "அனே மாமே, நிதாகன்னகோ!" படுத்துக்கொள்ளுங்களேன் மாமா என்று அர்த்தம்.

ஹாஜியார் கட்டிலருகே போய் நின்றார்.

"ஏன் படுக்கல்ல?"

"வடக்குங்க."

"டொக்டர் என்ன சொன்ன?"

"படுக்காட்டி காலு போயிருமாம்."

"அப்ப?"

"காலு போனாப் போகட்டுங்க. தலை போனா என்னாங்க பண்றது?"

வடக்கில் ஐஸ் மட்டும்தான் இருக்கிறது என்று ஹாஜியார் இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் நர்ஸ் பக்கம் திரும்பினார். நல்ல சிங்களத்தில், மிக மரியாதையாக, கஞ்சிக் கம்பனி விமானத்தில் சீட்டுகள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று முதலிலிருந்து விளக்கத் தொடங்கினார். அவ்வளவு பெரிய கம்பனியே இந்த மனிதருக்காக வால் பார்த்த சீட் கொடுத்திருக்கிறது, நீங்கள் கொடுக்கக் கூடாதா, மகள்? அந்த நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் போய் டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் தலையைச் சொறிந்தார். தலை எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, முதுகு நேராக இருந்தால் எனக்குப் போதும் என்றார்.

படுக்கை விரிப்போடு சேர்த்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முதுகு அசையாமல் அண்ணனைத் திருப்பிப் போட்டார்கள். வரிசையில் எல்லாத் தலையும் சுவரோரம், ஒரு தலை மட்டும் நடைபாதையில். அண்ணன் நீளமாக ஒரு மூச்சு விட்டு, முதுகைக் கட்டிலில் சாய்த்தார். அந்தக் கால்கள் பிழைத்தன. இன்றும் கைத்தடியோடு நடந்து வந்து, கடையில் என் உயிரை வாங்குகிறார்.

ஹாஜியார் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்து, அண்ணனின் கால்மாட்டில் சுவரோரமாகப் போட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கராம்பு விலை பேசினார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே, வந்த களைப்பில் ஹாஜியார் உட்கார்ந்தபடி தூங்கிப்போனார்.

அண்ணனால் தலையைத் தூக்க முடியாது. கூரையைப் பார்த்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள, அவரு காலு தொங்குதா?"

"ஆமாண்ணே."

"ஒரு ஸ்டூல் எடுத்துப் போடு. வீங்கிரும்."

ஸ்டூலைக் கொண்டுவந்து, ஹாஜியாரின் கால்களை மெதுவாகத் தூக்கி வைத்தேன்.

"கிப்லாப் பக்கம் இல்லயே?"

"இல்லண்ணே. பாத்துட்டுத்தான் வச்சேன்."

"அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் மிஸ் வந்தார். இன்னும் கொஞ்ச நேரம் மிஸ், என்று சிங்களத்தில் கெஞ்சினேன். அவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் எத்தனையோ பேருக்கு சீட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு சரியாக இரண்டு சீட் அமைந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.