என்னைக் கைது செய்தது சரியே என்னும் தீர்மானம்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒன்பது வருஷமாக நான்தான் செயலாளர். வேறு யாரும் அந்தப் பதவியைச் சீண்டாததை மக்களின் பேராதரவு என்று எடுத்துக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் என்னை 'ரூல்தடி' என்பார்கள். அதையும் மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

போன மாதம், திருட்டு பயம் அதிகரித்ததை முன்னிட்டு, கைப்பட ஒரு சுற்றறிக்கை எழுதி வெளியிட்டேன். 'வாசற்கதவு தவிர்த்த பிற வழியாக எவ்வீட்டினுள்ளும் நுழையும் எந்நபரும் திருடராகவே கருதப்பட்டு, அவர்மீது உடனடியாகக் காவல்துறையில் புகார் அளிக்கப்படும்.' 'எந்நபரும்' என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டு நாள் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம், சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். சரி, நம் வீடுதானே என்று பின்பக்க ஜன்னலில் ஏறினேன். தலை சமையலறையிலும் கால் வெளியிலுமாகத் தொங்கியபோது, கமிட்டி உறுப்பினரான பின்வீட்டுப் பல் டாக்டர் பார்த்தார். "பாத்து சார், சட்டை கிழிஞ்சிடப் போகுது" என்று அக்கறையாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் போலீசுக்குப் போன் போட்டார்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சப்-இன்ஸ்பெக்டர் வந்தார்.

"இது யார் வீடு?"

"என் வீடுங்க."

"உங்க வீட்டுக்கு நீங்க ஏன் ஜன்னல் வழியா வரணும்?"

"சாவி உள்ள மாட்டிக்கிச்சு."

"திருடனும் இதையேதான் சொல்லுவான்."

ஏன் பொய் சொல்லவேண்டும், எனக்கே அது நியாயமாகப் பட்டது. ஜீப்பில் ஏறினேன்.

விஷயம் தெரிந்து மனைவி ஸ்டேஷனுக்கு ஓடி வந்தாள். "இவர் என் புருஷன்தாங்க. விட்டுடுங்க" என்று கெஞ்சினாள்.

"சங்கச் செயலாளர் கடிதம் குடுத்தா விட்டுடலாம்மா."

"இவர்தாங்க செயலாளர்!"

"பிடிபட்டவரே தனக்குக் கடிதம் எழுதிக்கிட்டா எப்படி? கமிட்டி கூடி முடிவு பண்ணட்டும். அஞ்சு மணிக்குள்ள வேணும். நாளைக்கும் மறுநாளும் கோர்ட் லீவு. அப்புறம் திங்கட்கிழமைதான்."

நாலு மணிக்குக் கமிட்டி ஸ்டேஷன் வராந்தாவில் கூடியது. நான் கம்பிக்குள்ளிருந்து கலந்துகொண்டேன். 'செயலாளர் யார்' என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 'சொந்த வீட்டில் வைத்து அவரைக் கைது செய்தது நியாயமா' என்பதே பொருள்.

பொருளாளர் எழுந்தார். "அநியாயம்! அவர் வீடு, அவர் ஜன்னல். டாக்டருக்கு இவரை அடையாளம் தெரியலையா?"

"தெரியாம என்ன? பத்து வருஷமா இவர் பல்லை நான்தானே பாக்கறேன்" என்றார் டாக்டர். "ஆனா தெரிஞ்சவங்களுக்கு விலக்குன்னு சுற்றறிக்கையில எங்க இருக்கு?"

"அப்போ சுற்றறிக்கைதான் கிறுக்குத்தனம். கிழிச்சுப் போட்டுட்டு மனுஷனைக் கூட்டிட்டுப் போவோம்!"

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். மனைவி முகத்தில் உயிர் வந்தது. எனக்கோ சுர்ரென்று ஏறியது.

"கிழிப்பீங்களா? எதைக் கிழிப்பீங்க?" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "'எந்நபரும்'னா எந்நபரும்தான்! இன்னிக்கு எனக்கு விலக்கு குடுப்பீங்க, நாளைக்கு உங்க மச்சானுக்குக் குடுப்பீங்க. அப்புறம் சங்கம் எதுக்கு?"

"என்னங்க, கொஞ்சம் வாயை மூடுங்களேன்" என்றாள் மனைவி. அழுகிற குரல்.

"நீ சும்மா இரு. இது கொள்கைப் பிரச்சினை."

முப்பது நிமிஷம் பேசினேன். என் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. ஏட்டுகூட எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் பொருளாளரே மனம் மாறிவிட்டார். கைது முற்றிலும் நியாயமானது என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டல் அடங்கவே நேரமானது. மனைவி மட்டும் தட்டவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள்.

மணி ஐந்தானது. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். தீர்மானத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்தார்.

"கடிதம் வந்தாலும் வராட்டியும் அஞ்சு மணிக்கு உங்களை வீட்டுக்கு அனுப்பிடலாம்னுதான் இருந்தேன் சார். இத்தனை படிச்சவங்க உக்காந்து, பிடிச்சது நியாயம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இதுக்கு மேல நான் எப்படி விடறது?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் எனக்குத் தென்படவில்லை. திங்கட்கிழமை வரை தேடிப் பார்த்தேன்.