பொண்ணு வீட்டுக்கு ஒரு டிரங்க் கால்

அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். சாயந்தரம் அஞ்சு மணிக்குத் தஞ்சாவூருக்கு ஃபோன் போட்டு, பொண்ணோட அப்பாகிட்ட மூணு நிமிஷம் மரியாதையா பேசணும்.

எண்பதுகளோட ஆரம்பம். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன்ல பன்னிரண்டாவது மாடியில நானும் எங்க அக்காவும் இருந்தோம். வீட்டுக்கு ஃபோன் வந்து ஒரு மாசம்கூட ஆகல.

பொண்ணு ஃபோட்டோ வந்திருந்தது. எனக்குப் பிடிச்சிருந்தது. ரொம்பவே. அவங்க அப்பா ஹெட்மாஸ்டர். பையன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் முடிவு சொல்வேன்னு எழுதியிருந்தார். பக்கத்து வீட்டு ஃபோன்கிட்ட வந்து காத்திருப்பாராம்.

எச்சரிச்சது அக்காதான். இந்தியா கால் எல்லாம் சேட்டிலைட் வழியா போகுதாம், நாம பேசுறது அங்க சேர நேரமாகுமாம். அவ ஆஸ்பத்திரில நர்ஸ். அங்க யாரோ சொன்னாங்களாம்.

என் மூளை உடனே வேலை செஞ்சது. சிராங்கூன் ரோட்டுக்குப் போய் நீளமா ஒயர் வாங்கிட்டு வந்து, ஃபோனை ஜன்னல் வரைக்கும் இழுத்து வச்சேன். வானத்துக்குப் பக்கத்துல இருந்தா பேச்சு சீக்கிரம் போகும்ல?

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தா. "பன்னிரண்டு மாடி பத்தலையா உனக்கு? அவர் பேசி முடிச்சதும் மூணு வரைக்கும் எண்ணு. அப்புறம் பேசு லா. அது போதும்."

லைன் கிடைச்சது. ஜன்னல் வழியா தலையை நீட்டிக்கிட்டு வணக்கம் சொன்னேன். ஒரு நொடி கழிச்சு அந்தப் பக்கத்துலேருந்து பவ்யமா ஒரு வணக்கம் வந்தது. நானும் திரும்பச் சொன்னேன். மறுபடியும் வந்தது. நாலாவது வணக்கத்துலதான் அது என்னோட எதிரொலின்னு புரிஞ்சது.

அப்புறம் நிஜமாவே அவர் குரல். "காப்பி குடிச்சாச்சா தம்பி?"

"ஆச்சுங்க. தினமும் இந்த நேரத்துக்கெல்லாம் குடிச்சிருவேன்."

இந்தப் பதில் போய்ச் சேர்றதுக்குள்ள அவருக்குப் பொறுமை போயிடுச்சு. அடுத்த கேள்விக்குத் தாவிட்டார். குடிப்பழக்கம் ஏதும் உண்டான்னு அவர் கேட்டு முடிக்கவும், என் காப்பி அங்க போய் இறங்கவும் சரியா இருந்திருக்கு.

அவர் திடுக்கிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ்?"னு கேட்டிருக்கார்.

எனக்கு அப்பதான் குடிப்பழக்கக் கேள்வியே வந்து சேருது. பதறாதே, அக்கா சொன்ன மாதிரி எண்ணுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மனசுக்குள்ள எண்ணணும்னு அவ சொல்லலையே. வாய்விட்டே எண்ணிட்டேன்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அப்புறம் கம்பீரமா, "அந்தப் பழக்கமே கிடையாதுங்க"ன்னேன். அது அங்க போய்ச் சேர்றதுக்குள்ள, புக் பண்ணின மூணு நிமிஷம் முடிஞ்சு லைன் கட்.

பத்து நாள் கழிச்சு லெட்டர் வந்தது. "தினமும் குடிப்பதையும், மூன்று கிளாஸ் வரை போவதையும் கேட்டவுடன் ஒப்புக்கொண்டீர்கள். இப்படி உண்மை பேசும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. விட்டுவிடச் சம்மதமானால் மேற்கொண்டு பேசலாம்."

பீர் பாட்டிலைக்கூடத் தொடாதவன் நான்! நடந்ததை விளக்கி நாலு பக்கம் எழுதினேன். அக்கா அதைக் கிழிச்சுப் போட்டா. இப்ப நிஜத்தைச் சொன்னா பொய்யன்னுதான் நினைப்பாராம். "விட்டுட்டேன்னு எழுது. கதை முடிஞ்சது."

எழுதினேன். ஆறு மாசத்துல கல்யாணம். தன் பொண்ணுக்காகவே குடியை விட்ட மாப்பிள்ளைன்னு பந்தியில ஒருத்தர் விடாம மாமனார் என்னை அறிமுகப்படுத்தினார்.

அதுலேருந்து முக்கியமான விஷயம்னா எனக்கு லெட்டர்தான். பதில் வர பத்து நாளாகும், ஆனா கேட்ட கேள்விக்கே வரும்.