சிவப்பை நம்பாத சாயம் அண்ணே

எச்சில் தொட்ட கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் பினாங்கில், எங்கள் துணிக்கடையில் இருந்தார். சரக்கு பார்த்து எடுப்பது அவர் வேலை. கணக்கு எழுதுவது என் வேலை. அவருடைய சொந்தப் பெயர் முதலாளிக்கே மறந்துவிட்டது. எல்லோருக்கும் அவர் சாயம் அண்ணே.

துணியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. புதிதாக வர்ணம் பூசிய தபால் பெட்டியைத் தேய்த்தார். பச்சைக்கிளி வாங்கப் போய், கிளியைத் தேய்த்து, விரலில் கட்டோடு திரும்பினார்.

"சாயம் கெட்டிதான் தம்பி. குணம்தான் சரியில்ல" என்றார்.

அவரும் ஒரு முறை ஏமாந்தார். அவர் எடுத்த சிவப்புக் கைலியைக் கட்டியிருந்த பக்கத்து ஆயர் ஈத்தாம் ஊர் மாப்பிள்ளை ஒருவர் மழையில் நனைந்து, பாதம் வரை சிவந்து கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்தார். பெண் வீட்டார் கடைக்கு வந்து கத்தியது தெருவுக்கே கேட்டது.

"இந்தப் பெருநாளுக்கும் சாயம் போச்சுன்னா, நீங்க கடைக்கு வர வேணாம்லா" என்றார் முதலாளி.

அதனால் ஜப்பானுக்கே போய்ச் சரக்கெடுக்க அண்ணே கப்பல் ஏறினார். கணக்குப் பார்க்க நானும் போனேன். கோபே துறைமுகத்தில் எங்களுக்குத் துணி விற்கும் ஜப்பானிய வியாபாரி முன்பு சிங்கப்பூரில் கடை வைத்திருந்தவர்; மலாய் பேசுவார். அவர் காட்டிய சிவப்பைப் பொழுது சாயும் வரை தேய்த்தும் அண்ணே சரி என்று சொல்லவில்லை. வியாபாரி கோபப்படாமல் மறுநாள் எங்களை மினோ ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனார். குளிர்காலத்துக்கு முன் அங்கே இலைகள் சிவப்பதைப் பார்க்க ஊரே திரண்டிருந்தது.

இரண்டு பக்க மலையையும் பார்த்தால் சூளைக்குள் எட்டிப் பார்ப்பது போல் இருந்தது. அண்ணே நிமிரவே இல்லை. கையில் அந்தச் சிவப்புத் துணியின் மாதிரித் துண்டு. வழியில் சிவந்த இலைகளை மாவில் தோய்த்துப் பொரித்து விற்றார்கள்.

"நாம இலையில சாப்பிடுறோம். இவங்க இலையையே சாப்பிடுறாங்களே!" என்றவர், ஒன்றைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தின்றார்.

"ஆத்துத் தண்ணியில அலசினாத்தான் தெரியும்" என்று, பாறைகளுக்கிடையே தண்ணீர் தேங்கிய இடத்தில் குந்தித் துண்டை முக்கினார். அடுத்த நிமிடம் அலறல்.

"போச்சு தம்பி! தண்ணி பூரா சிவப்பு! என் வேலையும் போச்சு!"

வியாபாரியின் முகம் வெளுத்துவிட்டது. நான் குனிந்து பார்த்தேன். அவர் கை படாத அக்கரையோரத் தண்ணீரும் சிவப்பாகத்தான் இருந்தது.

"அண்ணே, துணிய வெளிய எடுங்க."

எடுத்தார். தண்ணீர் தெளியவில்லை.

"இப்ப மேல பாருங்க."

அன்று முதல் முறையாக அவர் தலை நிமிர்ந்தது. ஆற்றின் மேல் கவிந்திருந்த கிளைகள் அத்தனையும் சிவப்பு. அவற்றின் பிம்பம்தான் தண்ணீரில் கிடந்தது.

கை குளிரில் விறைத்திருந்தும் அவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு துண்டை என் வெள்ளைக் கைக்குட்டையில் வைத்துப் பிழிந்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. "போலே, தவுக்கே" என்று வியாபாரியிடம் மலாயில் சம்மதம் சொன்னார். கீழே கிடந்த இலை ஒன்றை எடுத்துத் தேய்த்து, விரலை என் மூக்கருகே நீட்டினார்.

"பாருலா, ஒட்டவே இல்ல."

அந்தப் பெருநாளுக்கு மழை கொட்டியது. ஒரு கைலியும் சாயம் விடவில்லை. அண்ணே கடைசி வரை எங்கள் கடையில்தான் இருந்தார்.

இப்போதும் சாலையோர வாதுமை மரம் சிவந்த இலை ஒன்றை உதிர்த்தால் நான் நின்றுவிடுகிறேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், கட்டைவிரலை நனைத்துக்கொள்கிறேன்.